புல்வெட்டியின் அதிர்வு நின்ற விதம்

டிராக்டரில் மாட்டிய சுழல் புல்வெட்டி, பிடிஓ (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் டிராக்டரின் அச்சு) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றை நெருங்கியதும் இருக்கை வரை அதிர்ந்ததால் மூன்று நாள் வேலை நின்றது. பிளேடுகளைத் தீட்டி எடை சமன் பார்த்தேன், பேரிங்கையும் மாற்றினேன், பயனில்லை.

நான்காம் நாள், புல்வெட்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு (பிளேடு முழுவதும் நிற்கும் முன் இறங்கவே கூடாது), பிடிஓவையும் புல்வெட்டியையும் இணைக்கும் ஷாஃப்டின் உறையை விலக்கிப் பார்த்தபோதுதான், கிராஸைப் (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) பிடிக்கும் உள்முனைக் கவைகள் (கவட்டை போன்ற முனைகள்) இரண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகை திரும்பியிருப்பது தெரிந்தது. கிரீஸ் வைக்கக் கழற்றியபோது ஷாஃப்டின் சதுரத் தண்டை அதன் குழாய்க்குள் கால் சுற்றுத் தள்ளிச் செருகியிருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தடையின்றி உள்ளே போய்விடும், ஆனால் கவைகள் ஒரே நேராக நிற்க வேண்டும். அப்படியே மாற்றி, உறையைப் பூட்டி, அது சுழலாமல் பிடிக்கும் சங்கிலியையும் மாட்டி ஓட்டியதும் அதிர்வு அடியோடு நின்றது, பெரிய நிம்மதி. இப்போது தண்டிலும் குழாயிலும் நேருக்கு நேர் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன்.