அப்பாவின் காரை எடுக்கும் முன்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டில்தான் கார் இருக்கிறதே, வாடகை வண்டி எதற்கு என்று கணக்குப் போடுகிறவரா நீங்கள்? விமான டிக்கெட் எடுக்கும் முன் அந்தக் காரின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. புதுப்பிப்பதற்கான விண்ணப்பமான படிவம் 25-ஐக் காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் தேதி நினைவில்லை.

விண்ணப்பம் இணையவழிதான். ஆனால் ஓ.டி.பி. போனது பதிவில் இருந்த கைபேசி எண்ணுக்கு. அது நான் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற எண். அதை மாற்றவே தனியாக ஒரு நடை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு வேண்டும் என்றார்கள். டீக்கடை ஓரம் நின்ற ஒருவர் பானெட்டைத் திறந்து, காகிதத்தை வைத்துப் பென்சிலைத் தேய்த்து எடுத்துக் கொடுத்தார். அந்த அரை நிமிட வேலைக்கு அவர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்பதால் அப்பாவும் வெயிலில் பின்சீட்டில் காத்திருந்தார். மதியத்துக்கு மேல் வந்த ஆய்வாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னால் இருந்த இரும்புக் கம்பியைத் தட்டினார், கண்ணாடியில் இருந்த கருப்பு பிலிமை நகத்தால் சுரண்டினார். "இதையெல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள்."

அவர் சொன்னது சட்டம்தான். பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. மோதினால் நடந்து போகிறவருக்கு ஆபத்து என்று முன்பக்கக் கம்பிகளை அகற்றும்படி மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் பட்டறையில் துருப்பிடித்த போல்ட்டை வெல்டர் அறுக்கும்போது அப்பா சொன்னார்: "நீ வெளிநாடு போன வருஷம் நான் மாட்டியது. ராத்திரியில் தனியாக ஓட்டுகிறேனே, முன்னால் ஒரு கம்பி இருந்தால் தைரியம் என்றுதான்." நான் வெல்டரிடம் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பின்சீட் பெல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காரில் சீட் உறை தைத்தவர் கொக்கிகளை உள்ளே வைத்தே தைத்திருந்தார். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் 14 வயதுக்கு உட்பட்டவரை ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்! குலதெய்வக் கோயிலுக்கு எட்டுப் பேரை ஏற்ற வேண்டும் என்பார், குழந்தையை மடியில் வைத்துக்கொள் என்பார், வெளிநாடு போனதும் ஊர் வழக்கம் மறந்துவிட்டது என்பார். குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டுபோங்கள். வாடகை வண்டிக்காரர்களிடம் கேட்டால் விழிப்பார்கள்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகை வண்டியாகவே பாருங்கள். 2019 ஜனவரிக்குப் பின் பதிவான டாக்சியில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும். ஏறியதும் பொத்தான் எங்கே என்று கேளுங்கள்.

புதுப்பித்த ஆர்.சி.யைத் தமிழ்நாட்டில் இப்போது கையில் தருவதில்லை, விரைவு அஞ்சலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அது வந்தபோது நான் ஊரில் இல்லை. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். காரை ஓட்ட வேண்டுமானால் இந்த வேலையை விடுமுறையின் முதல் திங்கட்கிழமையே தொடங்குங்கள், கல்யாண வீடு எல்லாம் பிறகு.