பாம்பனிலிருந்து பல்கலைக்கழகக் கோப்புகளைக் கையாள்வது எப்படி?

விடுமுறைக்குப் பாம்பனுக்கோ தொண்டிக்கோ திரும்பும் மாணவர், பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தையும் அதனுடன் கிடைக்கும் வலைவெளியையும் (சொந்த வலைப்பக்கங்களை வைக்கும் இடம்) வீட்டிலிருந்தே கையாளலாம். ஆனால் வளாகத்தில் பழகிய வழி இங்கே உதவாது. அங்கே கணினியைத் திறந்ததும் ஒரு டிரைவாகத் தெரியும் அந்த இடம், விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் 445 என்ற போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக வருகிறது; வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வரும் இணைப்பை அடைத்து வைப்பதே வழக்கம். ஆகவே, வளாக வலையமைப்புக்குள் இருப்பதுபோல் உங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். செயலி தேவைப்படும். அதை ஊருக்குக் கிளம்பும் முன்பே நிறுவி, ஒரு முறை செல்பேசி இணையத்தில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை நம்பாமல், சிக்னல் இல்லாமலும் எண் காட்டும் செயலியை வைத்துக்கொள்வது நல்லது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்பேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துவிடும் என்பதால், ரோமிங்கை அணைத்து வைக்கவும் மறக்க வேண்டாம்.

வி.பி.என். இணைந்துவிட்டாலும், தொலைவில் உள்ள டிரைவில் கோப்பைத் திறந்து அங்கேயே திருத்தாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆடி மாதம், காற்று தென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த மாலையில், கடற்புல் கணக்கெடுப்பின் அட்டவணையை நேரடியாகச் சேமித்த நொடியில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டே இருந்தது; ரூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி திறந்தபோது கோப்பின் அளவு 0 பைட். முந்தைய இரவின் காப்பு நகல் இருந்ததால் ஒரு நாள் வேலையோடு தப்பித்தேன்.

அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு, கோப்புகளை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. முறையே ஏற்றது. கோப்பை முதலில் உங்கள் கணினிக்கு இறக்கி, அங்கே வேலையை முடித்து, பிறகு மேலேற்ற வேண்டும். விண்டோஸில் வின்எஸ்.சி.பி., எந்தக் கணினியிலும் ஃபைல்ஜில்லா, இரண்டும் இலவசம். பல்கலைக்கழகம் கொடுத்த சேவையகப் பெயர், போர்ட் எண் 22, உங்கள் பயனர் பெயர் ஆகியவற்றை நிரப்பி, நெறிமுறையாக எஸ்.எஃப்.டி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் 21-இல் ஓடும் வெறும் எஃப்.டி.பி. கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். எஸ்.எஃப்.டி.பி. சவாரி செய்யும் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு நெறிமுறையே, 1995-இல் பின்லாந்தின் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பின்னர், அதைத் தடுக்கப் பிறந்ததுதான்.

முதல் முறை இணைக்கும்போது, சேவையகத்தை அடையாளம் காட்டும் கைரேகை என்று எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் ஒன்று திரையில் வரும். பலரும் பார்க்காமலே 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் அறிவித்துள்ள கைரேகையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வின்எஸ்.சி.பி. பெரிய கோப்புகளை மேலேற்றும்போது, முழுதாகச் சேரும்வரை 'ஃபைல்பார்ட்' என்ற பின்னொட்டுடன் தனியே வைத்திருக்கும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் பழைய கோப்புக்குச் சேதமில்லை. மறுபடி இணைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பாதிக் கோப்பைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

வலைவெளிக்கென்று பொதுவாக 'பப்ளிக் எச்.டி.எம்.எல்.' என்ற கோப்புறை இருக்கும். அதில் வைப்பதை உலகமே பார்க்கும். ஆய்வுத் தரவை அங்கே வைக்கக் கூடாது. பெரும்பாலான சேவையகங்களில் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்ற அனுமதி எண் (நீங்கள் மட்டும் மாற்றலாம், மற்றவர் பார்க்கலாம்) போதும். பக்கம் திறக்காமல் 403 (அனுமதி இல்லை) பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். படம் மட்டும் தெரியவில்லை என்றால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கலாம்: விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் சேவையகம் பொறுக்காது. தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வந்தால், கோப்பை யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே குறிப்பிடுங்கள்.

கடைசியில் வி.பி.என்.னைத் துண்டித்துவிட்டு, செல்பேசியில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வளாகத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் தெரியவரும்.