டர்பன் தொட்டியில் தஞ்சாவூர் பட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 11 தொட்டிகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, புதினா, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் எல்லாம் நன்றாகவே வந்தன. கொத்தமல்லி மட்டும் 3 வருடம் தொடர்ந்து கையை விரித்தது. தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து, மார்கழிப் பனிக்கு மல்லி செழிக்கும் என்று டிசம்பரில் விதைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அது சரி. இங்கே மார்கழி என்பது வியர்த்துக் கொட்டும் கோடை. விரல் உயரம் வந்ததுமே இலை நூல் நூலாக மெலிந்துவிடும். நடுத்தண்டு விறுவிறுவென எழும்பிப் பூத்துவிடும். ஒரு ரசத்துக்குக்கூடத் தேறாது.

டர்பன் கரையோரத்தில் மல்லிக்கு ஏற்ற காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. தனியாவை லேசாக அழுத்தி இரண்டாக உடைத்து, கடைசியாக நிற்கப்போகும் தொட்டியிலேயே தூவிவிடுங்கள். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி மல்லி விஷயத்தில் மட்டும் இங்கேயும் தற்செயலாகப் பலிக்கிறது. அதை நம்பி அதே ஆடியில் கறிவேப்பிலையைத் தொட்டி மாற்றினால் போச்சு. அதற்குச் செப்டம்பர் வரை பொறுக்க வேண்டும்.

திசையிலும் இதே கதைதான். டர்பன் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகை தெற்கே, மகர ரேகையையும் தாண்டி இருக்கிறது. அதனால் வருடம் முழுவதும் உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் வரும். ஜூனில் அது அடிவானத்திலிருந்து 37 பாகை உயரம்தான் ஏறுகிறது. தெற்குப் பக்கத் தாழ்வாரத்தில் வைத்த துளசி குளிர்காலம் முழுக்கச் சுவரின் நிழலில் நின்று வெளுத்துப்போகும். தொட்டிகளை வடக்குப் பக்கம் மாற்றுங்கள்.

அடுத்து தண்ணீர். அதிகமாக உயிர் வாங்குவது இதுதான். நம் வீடுகளில் கறிவேப்பிலை ஒரு செடி அல்ல, குடும்பத்தில் ஓர் ஆள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து நம்மவர் வாழ்ந்த இடமெல்லாம் இந்த வாசனையும் கூடவே இருக்கிறது. அந்தப் பாசம்தான் ஆபத்து. ஜூனில் அது இலை பழுத்து உதிர்க்கும். குளிருக்கு ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். நாம் பதறிப்போய் தினமும் தண்ணீரும், அதன்மேல் எருவும், வாரம் ஒருமுறை புளித்த மோரும் ஊற்றுகிறோம். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா, “என்னடி இது, எவ்வளவு ஊற்றினாலும் வாடுதே” என்று கூப்பிட்டார். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேர் பழுப்பேறிக் கூழாக இருந்தது, சாக்கடை வாடை வேறு. அடித்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது.

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம். குளிர்காலத்தில் எரு அறவே வேண்டாம். புதினாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது ஈரம் கேட்கும். ஆனால் அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள். சேர்த்து வைத்தால் ஒரே கோடையில் அக்கம்பக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

இயற்கை முறை என்றதும் எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிடுகிறது. பச்சைக் கோழி எரு வேரைப் பொசுக்கும். பச்சை எருவில் கிருமியும் இருக்கும். நாமோ புதினாவையும் மல்லியையும் சட்னிக்குப் பச்சையாகவே அரைக்கிறோம். மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி சொல்கிறது. மல்லியின் ஆயுசே அவ்வளவு இல்லை! மட்கி, மண் வாசனை வந்த எருவை மட்டும் போடுங்கள். பாலும் சர்க்கரையும் கலந்த டீ மண்டியைக் கொட்டினால் எறும்புக்குத்தான் விருந்து.

வேப்பெண்ணெய்க்கும் அளவு உண்டு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மில்லி, கூடவே சில சொட்டு சோப்புக் கரைசல். குளிரில் எண்ணெய் உறைந்துவிடும், புட்டியைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்குங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும், சாயங்காலம் தெளியுங்கள். எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். கொஞ்சம்தான் என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும்.

வாங்கும்போது ஏமாறுவதும் நடக்கிறது. நர்சரியில் ‘கறி பிளான்ட்’ என்று சாம்பல் நிற ஊசி இலையோடு ஒரு செடி விற்பார்கள். கசக்கினால் மசாலா வாசனை வரும். அது கறிவேப்பிலை அல்ல. ஜூலு மக்கள் முன்னோருக்குப் புகை போடும் இம்பெஃபோ என்ற செடியின் உறவு. என் மருமகள் அதை வாங்கிவந்து சாம்பாரில் தாளித்தாள். அன்றைக்கு யாரும் இரண்டாம் முறை சாம்பார் கேட்கவில்லை.

கறிவேப்பிலையை விதை போட்டு வளர்க்க நினைத்தால், கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். காய்ந்த விதை முளைப்பது அரிது. அதைவிட எளிது, மரம் உள்ள வீட்டில் பக்கக் கன்று கேட்பது. அக்டோபரில் மழை பிடித்ததும் கன்றை மட்டும் இழுக்காமல், தாய் வேரோடு ஒட்டிய இடத்தை வெட்டி, ஒரு கை மண்ணோடு எடுங்கள். அக்காவின் புதுத் தொட்டியில் இப்போது நிற்பது அப்படி எடுத்த கன்றுதான். அடித்தட்டை நான் எடுத்து வந்துவிட்டேன்.