குக்கர் விசில் வருவதற்குள் பத்து முறை எழுந்து உட்காருங்கள்

அடுப்பில் குக்கரை வைத்ததும், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். பிறகு மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். முதல் விசில் வருவதற்குள் பத்து முறை முடிந்துவிடும்.

எழும்போது தொடை, புட்டத் தசைகள் உடல் எடையைத் தூக்குகின்றன. மெதுவாக இறங்கும்போது அதே எடையைத் தாங்கிப் பிடிக்கின்றன. சமதரையில் நடக்கும்போது இந்தத் தசைகளுக்கு அவ்வளவு வேலை இல்லை. பஸ் படி ஏறவும் கழிப்பறையில் எழவும் உதவுபவை இவைதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, மூன்று நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகளும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலை நடையோடு கணக்கை முடித்துவிடுகிறோம், அதுதான் கோளாறு.

நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். சோபாவோ உள்ளே அமுங்கும். சாப்பாட்டு மேசை நாற்காலிதான் தோது. கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? அழுத்தமான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

இடுப்பு அல்லது மூட்டில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும், எழுந்ததும் தலைசுற்றுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். தொடை கடுத்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.