ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறி வரும் மாணவருக்குப் பாடம் நடத்துதல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டை ஒட்டி ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின. ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே படித்த பிள்ளை, ஜூன் மாதத்தில் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் ‘இ.எம்.’ (இங்கிலீஷ் மீடியம்) பிரிவில் வந்து அமர்ந்ததும், அதுவரை தெரிந்திருந்த பாடமெல்லாம் தெரியாதது போல் ஆகிவிடுகிறது. எந்த வழியில் படிப்பது நல்லது என்ற வாதத்திற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆனால் பெற்றோர் முடிவெடுத்து, சேர்க்கையும் முடிந்து, பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வகுப்பிற்குள் நுழையும் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கானது. “ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது இங்கிலீஷ் டீச்சர் வேலை” என்று விட்டுவிட முடியாது. ஏனெனில் வடிகட்டுதலைப் பற்றியும் பின்னத்தைப் பற்றியும் பேசத் தேவையான ஆங்கிலம் ஆங்கிலப் பாடவேளையில் வருவதில்லை.

முதலில், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது எளிதில் கண்ணில் படாது. கரும்பலகையில் எழுதியதை அச்சடித்தாற்போல் நோட்டில் எழுதி, “அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்டால் “எஸ் மிஸ்” என்று மற்றவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் ஒன்றும் புரியாமல் இருக்கும் பிள்ளை. அழகான கையெழுத்தை நான் ஒரு நல்ல அறிகுறியாகக் கொள்வதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியே மூன்று நிமிடம் செலவிட்டால் போதும்: ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு கருத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலப் பாடநூலில் நான்கு வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள், கடைசியாக, வாசித்ததில் என்ன இருந்தது என்று தமிழில் கேளுங்கள். தமிழில் தெளிவாக விளக்குபவருக்குத் தேவை மொழி உதவி மட்டுமே. தமிழிலும் தடுமாறுபவருக்குக் கருத்தையே மறுபடி கற்பிக்க வேண்டும். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாதவர் மூன்றாவது வகை. அவர்களின் எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும். இந்த மூவரையும் ‘ஸ்லோ லேர்னர்’ என்ற ஒரே பட்டியலில் அடைப்பதுதான் நம்மிடம் இருக்கும் மிக மோசமான பழக்கம்.

கனடாவில் குடியேறியோரின் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடுகிறது என்றும், பாடம் படிப்பதற்கு வேண்டிய ஆங்கிலம் வகுப்பின் நிலையை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகிறது என்றும் காட்டினார். அந்தக் குழந்தைகளைச் சுற்றிக் கடையிலும் தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் ஆங்கிலம் இருந்தது. நம் பிள்ளைக்கு வகுப்பறைச் சுவர்களைத் தாண்டினால் ஆங்கிலமே இல்லை. ஆகவே ஒரு பருவத்திற்குள் தேறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. முதல் சில வாரங்கள் வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டிருக்கும் மாணவரை எழுப்பி நிறுத்தி ஆங்கிலத்தில் பேச வைப்பதாலும் பயனில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பருவத்தில் ‘நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்’ என்ற அலகு வருகிறது. கலவைகளைப் பிரித்தெடுக்கும் முறைகள் அதில்தான் உள்ளன. ஆங்கில நூலில் அந்தச் சொற்களைப் பார்க்கும் ஆசிரியருக்கே சற்று மலைப்பாக இருக்கும்: ஹேண்ட்பிக்கிங், சீவிங், வின்னோயிங், த்ரெஷிங், சர்னிங், டிகான்டேஷன், ஃபில்ட்ரேஷன். ஆனால் இந்தப் பட்டியலில் மாணவருக்குத் தெரியாத செயல் ஒன்றுகூட இல்லை. அரிசியில் கல் பொறுக்குவது, மாவு சலிப்பது, நெல் தூற்றுவது, கதிரடிப்பது, தயிர் கடைவது, அரிசி களைந்து தண்ணீரை இறுப்பது, டீ வடிகட்டுவது எல்லாம் வீட்டிலும் களத்திலும் நடப்பவை. புதிதாக இருப்பவை பெயர்கள் மட்டுமே. இதை ஆசிரியர் உணர்ந்துவிட்டால், பாடம் தலைகீழாகத் திரும்புகிறது. பாடநூலின் வரையறையிலிருந்து தொடங்காமல் முறத்திலிருந்து தொடங்கலாம்.

அதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலை பத்து நிமிடத்தில் முடியும். அன்றைய பாடத்தில் மாணவர் வாயால் சொல்லியே ஆக வேண்டிய ஆங்கிலச் சொற்கள் ஆறு அல்லது ஏழை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வீட்டில் புழங்கும் சொல்லையும், பாடநூல் தமிழையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘இறுத்தல்’ என்று பாடநூல் சொல்வதை மாணவர் வீட்டில் வேறு சொல்லால் சொல்லக்கூடும். அந்தச் சொல்லை அவரிடமே கேட்டு வாங்குங்கள். பின்னர் அந்த அலகு முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகும் வாக்கிய அமைப்பு ஒன்றை முடிவு செய்யுங்கள். இந்த அலகிற்கு அது “சாண்ட் இஸ் செப்பரேட்டட் ஃப்ரம் வாட்டர் பை ஃபில்ட்ரேஷன்” என்ற அமைப்பு. மணலின் இடத்தில் உமியும், நீரின் இடத்தில் நெல்லும், வடிகட்டுதலின் இடத்தில் தூற்றுதலும் வரலாம்; வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறாது. அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதி, இட்டு நிரப்பும் இடங்களை வெறும் கோடுகளாக விட்டு, அலகு முடியும் வரை சுவரிலேயே இருக்க விடுங்கள். சார்ட்டைக் கழற்றிவிட்டுக் கேள்வி கேட்டால்தான் உண்மையான சோதனை என்று சிலர் நினைக்கிறார்கள். சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போன்றதுதான் இதுவும். எப்போது கையை எடுப்பது என்பது ஓட்டுபவரின் நிதானத்தைப் பொறுத்தது.

இந்த வாக்கியத்தில் மாணவர் எங்கே தவறுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழில் ‘நீரிலிருந்து’ என்று பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ முன்னால் வருகிறது. வினைச்சொல் நம் வாக்கியத்தின் கடைசியில் உட்காரும். அங்கே நடுவில் நிற்கும். “வாட்டர் ஃப்ரம் சாண்ட் செப்பரேட்” என்று மாணவர் எழுதினால் அவர் தமிழ் இலக்கணத்தைப் பிழையின்றிப் பின்பற்றியிருக்கிறார் என்று பொருள். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அம்புக்குறி போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கணக்கில் இதே வேறுபாடு விடையையே மாற்றிவிடுகிறது. ‘12ஐவிட 5 குறைவான எண்’ என்று தமிழில் படிக்கும்போது எண்கள் 12, 5 என்ற வரிசையில் வருகின்றன. அப்படியே 12 − 5 என்று எழுதிவிடலாம். “ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்” என்னும்போது 5 முதலில் வருகிறது. மாணவர் 5 − 12 என்று எழுதிவிட்டுத் திகைக்கிறார். “சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்” என்பதிலும் இதே கதைதான். கழித்தல் தெரியாத பிள்ளை என்று அவரை மதிப்பிட்டு, கழித்தல் கணக்குகளாகப் போட்டுக் கொடுத்தால் எந்தப் பயனும் இருக்காது. வாக்கியக் கணக்கு ஒவ்வொன்றையும் முதலில் எண்களை மறைத்துவிட்டு வாசிக்கச் செய்து, என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல வைத்து, அதன்பின் எண்களைத் திறந்து காட்டும் முறை எனக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது.

மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்கள்தான் சில சமயம் அதிகத் தொல்லை தருகின்றன. தமிழுக்குள் வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்கள் இங்கே வேறு வாழ்க்கை வாழ்கின்றன. ‘சொல்யூஷன்’ என்றால் பஞ்சர் கடையில் டியூபில் தடவும் பசை, கணக்குப் பாடத்தில் அது தீர்வு, அறிவியலில் கரைசல். ‘பிரஷர்’ தாத்தாவுக்கு இருக்கும் நோய். ‘டென்ஷன்’ அம்மாவுக்கு வருவது. ‘பவர்’ மழை பெய்தால் போய்விடுவது. ‘மேட்டர்’ என்று அலகின் தலைப்பை வாசித்ததும் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்புவதற்கும் காரணம் உண்டு. இத்தகைய சொல் வரும்போது தெரிந்த பொருளை முதலில் மாணவர் வாயிலிருந்தே வரவழைத்து, அதன் பக்கத்தில் பாடத்தின் பொருளை வைக்க வேண்டும். ‘மிக்சர்’ மட்டும் விதிவிலக்கு: ஒரு பொட்டலம் மிக்சரை வாங்கிக் காகிதத்தில் கொட்டி, கடலையைத் தனியே பொறுக்கச் சொன்னால் கலவையும் கைகளால் தெரிந்தெடுத்தலும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பொறுக்கியதைத் தின்ன விடுவதும் பாடத்தின் பகுதியே.

வகுப்பில் பேச்சு யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோவ் 1970களில் அளந்து காட்டினார். 3 நொடிகளுக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவருக்கு 3 நொடியும் போதாது. எனவே கேள்வியைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் தமிழில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு சுவரில் இருக்கும் வாக்கிய அமைப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். இப்படி ஒரு மொழியில் கருத்தை வாங்கி மற்றொரு மொழியில் வெளியிடும் முறைக்கு வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994இல் தனிப் பெயரே சூட்டினார். வெல்ஷ் பேசும் பிள்ளைகளின் வகுப்பறையில் பிறந்த கருத்து அது. தமிழில் பேசினால் அபராதம் என்று அறிவிக்கும் பள்ளிகளில் பணிபுரிபவர்களும் இந்த ஒரு நிமிடத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

வாசிப்புக்கு நம்மிடம் இருக்கும் வசதி பல நாட்டு ஆசிரியர்களுக்குக் கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்தின் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் நூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடங்களையும் ஒரே படங்களையும் கொண்டவை. அவற்றை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கில வழி வகுப்பின் அலமாரியில் தமிழ் வழி நூல்கள் நான்கைந்தை வைத்துவிடுங்கள். பாடம் நடத்துவதற்கு முதல்நாள் இரவு தமிழில் படித்துவிட்டு வரும் மாணவர், மறுநாள் ஆங்கிலப் பத்தியில் ஏற்கெனவே அறிந்ததைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். வெறுங்கையோடு உள்ளே போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாரத்தில் பார்க்கலாம். இந்த வேலையைக் கைடுகள் செய்யாது. அவை விடையைத் தருகின்றன, வாசிக்கும் வேலையைப் பறித்துவிடுகின்றன.

எழுத்தில் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் வட்டமிடுவதை நிறுத்துவது நல்லது. தமிழில் இல்லாத ‘ஏ’, ‘தி’ போன்ற சிறு சொற்கள் தவறாமல் வருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அறிவியல் ஆசிரியர் அவற்றை விட்டுவிடலாம். அந்த அலகுக்கென்று தேர்ந்த ஒரே வாக்கிய அமைப்பை மட்டும் திருத்துங்கள். பேச்சில் வரும் பிழையை, திருத்துகிறோம் என்று சொல்லாமலேயே சரியான வடிவில் திருப்பிச் சொன்னால் போதும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பு வரை, பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பகிர்வில், 40இன் ஒரு பாதி செயல்பாடுகளுக்கு உரியது. அங்கே படம் வரைந்து பெயர் குறிப்பது, செய்து காட்டித் தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்குவது ஆகியவற்றை ஏற்றுக்கொண்டால், அறிவியல் தெரிந்தவருக்கு அறிவியலுக்கான மதிப்பெண் கிடைக்கும்.

இவையெல்லாம் வகுப்பில் அனைவருக்கும் தமிழ் பொதுவாக இருக்கும்போது பொருந்துபவை. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் வீட்டு மொழியாக உள்ள பிள்ளைகள் அதே பெஞ்சில் இருக்கிறார்கள். ஆசிரியரின் தமிழ் விளக்கம் அவர்களுக்கு இரண்டாவது சுவராகிவிடலாம். அவர்களுக்குப் பொருளும் படமும் செய்கையும்தான் முதல் உதவி. அதே மொழி பேசும் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் வாரத்தில் இரண்டு முறை மதிய உணவு இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்தால், நாம் ஒரு மாதத்தில் செய்ய முடியாததை அவர் செய்துவிடுவார்.

பெற்றோர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சந்திக்கும்போது, வீட்டில் ஆங்கிலம் பேசச் சொல்லி அவர்களைக் கூச வைக்க வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாடத்தில் வரும் பொருளைப் பற்றி இரவில் தமிழில் பேச வேண்டும். “நெல்லைத் தூற்றும்போது உமி மட்டும் ஏன் தள்ளிப்போய் விழுகிறது?”, “களைந்த தண்ணீரை இறுத்து ஊற்றும்போது அரிசி ஏன் கூடவே வருவதில்லை?” என்று இரண்டு கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பாட்டி சொன்ன விடை எதுவானாலும், மறுநாள் வகுப்பை அதிலிருந்தே தொடங்கலாம்.