கொலைக் கதை பார்த்து ஆங்கிலம் படிப்பவர்கள் விடும் பிழைகள்

குற்ற ஆவணப்படம் பார்த்து ஆங்கிலம் படிப்பது மோசமான வழி அல்ல. கதை சொல்லும் குரல் நிறுத்தி நிதானமாகப் பேசும், அதே கொஞ்சச் சொற்கள் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், கொன்றது யார் என்று தெரியாமல் எழும்ப மனமும் வராது. இலக்கணப் புத்தகத்தோடு பத்து நிமிடம் இருக்க முடியாத பிள்ளை இதற்கு முன்னால் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் ‘எதைப் பார்த்துக் காது பழக்குகிறீர்கள்’ என்று கேட்டால் இந்தப் பதிலும் வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து எதைப் பொறுக்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஒரு மாணவரின் கொப்பியில் இருந்த பக்கத்தைச் சொல்கிறேன். தலையைத் துண்டிப்பதற்கு ஒரு சொல், உடலைக் கூறுபோடுவதற்கு ஒரு சொல், இரத்தம் தெறித்த அடையாளத்துக்கு ஒரு சொல், பிணம் விறைப்பதற்கு லத்தீனில் ஒன்று. எல்லாவற்றுக்கும் நேரே சிவப்புப் பேனையில் தமிழ் கருத்து, வடிவான கையெழுத்து. இவற்றை எங்கே பாவிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். ஐயெல்ட்ஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில், 40 நிமிடத்தில், குறைந்தது 250 சொற்களில் குற்றம் பற்றி எழுதச் சொன்னால் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: கடும் தண்டனை குற்றத்தைக் குறைக்குமா, சிறையா சமூக சேவையா, வயது குறைந்த குற்றவாளிகளை என்ன செய்வது. அங்கே வேண்டியவை ‘டிட்டர்’ (பயங்காட்டித் தடுப்பது), ‘ரீஒஃபெண்ட்’ (திரும்பவும் குற்றம் செய்வது), ‘ரிஹபிலிட்டேட்’ (திருத்தி நல்வழிப்படுத்துவது) போன்ற சொற்கள். படத்தில் அவை வருவதென்றால் பெரும்பாலும் கடைசிப் பகுதியில், வழக்கும் தீர்ப்பும் காட்டப்படும் இடத்தில்தான். கொலைகாரன் பிடிபட்டதும் ஃபோனை வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்களுக்கு அந்தச் சொற்கள் கிடைப்பதேயில்லை.

அந்தக் கடைசிப் பகுதியை விடுவதால் வரும் நட்டம் தேர்வோடு நிற்பதுமில்லை. ‘அரெஸ்டட்’ என்றால் கைது செய்யப்பட்டவர். ‘சார்ஜ்ட்’ என்றால் முறைப்படி குற்றம் சாட்டப்பட்டவர். ‘அக்விட்டட்’ குற்றவாளி அல்ல என்று மன்று விடுவித்த ஆள். ‘கன்விக்டட்’ என்றால் மன்று குற்றவாளி என்று கண்ட ஆள். ‘சென்டென்ஸ்ட்’ அதற்கும் அடுத்த படி, தண்டனை விதிப்பது. எங்கள் பேச்சில் இதெல்லாம் ‘பொலிஸ் பிடிச்சது’, ‘உள்ளுக்குப் போட்டாச்சு’ என்பதற்குள் அடங்கிவிடும். கனடா விசிட் விசா படிவத்தில் அப்படி அடங்காது. எந்த நாட்டிலாவது குற்றம் புரிந்தீர்களா, கைது செய்யப்பட்டீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா, குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்று எல்லாவற்றையும் ஒரே கேள்விக்குள் வைத்து அந்தப் படிவம் கேட்கும். வழக்கே போடாமல் விடப்பட்ட ஒருவர் ‘கன்விக்டட்’ என்று எழுதினால் என்ன ஆகும்? மறுபக்கம், கைதாகிப் பிறகு விடுதலையான ஒருவர், தான் ‘கன்விக்ட்’ ஆகவில்லைதானே என்று ‘இல்லை’ போட்டால் அதுவும் பிழை, ஏனென்றால் கைதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். சுற்றிவளைப்பில் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து விட்ட அனுபவம் உள்ள வீடுகள் இங்கே குறைவில்லை. அந்த இரண்டு நாளை எந்தச் சொல்லால் எழுதுவது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்கப் போவதற்கு முன் இந்தச் சொற்களின் வரிசை மண்டையில் இருந்தால் பேசுவது சுகம்.

சொல்லைத் தனியாக எழுதுவது அடுத்த பிழை. அதோடு ஒட்டி வரும் சின்னச் சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். அரெஸ்டட் ஃபோர், சார்ஜ்ட் வித், அக்யூஸ்ட் ஒஃப், கன்விக்டட் ஒஃப், சென்டென்ஸ்ட் டு. கருத்தை வைத்து ஊகிக்க முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் வரும். குற்றப் படத்தில் இவை கேட்டுச் சலிக்கும் அளவுக்கு வருவதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

‘ரொப்’, ‘ஸ்டீல்’ இரண்டையும் மாற்றிப் போடாதவர்களைக் காண்பது அரிது. தமிழில் வங்கியையும் கொள்ளையடிக்கலாம், நகையையும் கொள்ளையடிக்கலாம். ஆங்கிலத்தில் ஆளையோ இடத்தையோதான் ‘ரொப்’ பண்ணுவார்கள், பொருளை ‘ஸ்டீல்’ பண்ணுவார்கள். பஸ்ஸில் பர்ஸ் போனால் ‘மை பர்ஸ் வோஸ் ஸ்டோலன்’. ‘அசாசினேட்’டும் இப்படித்தான். பொது வாழ்வில் இருக்கும் பெரிய ஆளை, பெரும்பாலும் அரசியல் காரணத்துக்காக, திட்டமிட்டுக் கொல்வது அது. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டதற்குப் பொருந்தும். வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டியதற்குப் பொருந்தாது.

பிறகு, அமெரிக்கச் சட்டத்தை எங்கள் சட்டம் என்று நினைத்துக்கொள்வது. ‘ஃபர்ஸ்ட் டிகிரி மேர்டர்’ (முதல் தரக் கொலை), ‘ஃபெலனி’ (பாரிய குற்றம்), ‘டிஸ்ட்ரிக்ட் அட்டோர்னி’ (அரசு தரப்பில் வழக்குத் தொடுப்பவர்) எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு. ஃபெலனி என்ற பிரிவை இங்கிலாந்தே 1967இல் கைவிட்டுவிட்டது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்னும் அடிப்படை. அதில் ‘மேர்டர்’ உண்டு, அந்த அளவை எட்டாத ஆட்கொலைக்கு ‘கல்பபிள் ஹொமிசைட் நொட் அமவுன்டிங் டு மேர்டர்’ என்று ஒரு முழு நீளப் பெயர் உண்டு, டிகிரிக் கணக்குக் கிடையாது. படத்தில் வருகிற கொரனரின் வேலையை இங்கே பார்ப்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. யாழ் நீதவான் நீதிமன்றச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதப் போகிறவர் அமெரிக்கப் படத்திலிருந்து சொல் எடுத்தால், வாசிப்பவருக்கு டெக்சாஸில் நடந்தது போல இருக்கும்.

காலமும் கவனிக்க வேண்டியது. “வருடம் 1994. அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்” என்று, முடிந்துபோனதை இப்போது நடப்பது போலச் சொல்வது இந்தப் படங்களின் பாணி. சொல்லும்போது நன்றாக இருக்கும். உங்களுக்கு நடந்ததை நேர்காணலில் சொல்லும்போது இறந்தகாலத்தில் சொல்லுங்கள்.

போர் பற்றிய ஆவணப்படங்களை எடுத்துப் படிப்பவர்களும் உண்டு. சம்பவம் ஏற்கெனவே தெரியும் என்பதால் புதுச் சொல்லின் கருத்தை ஊகிப்பது லேசு, அந்த வகையில் நல்ல தெரிவு. அங்கே ஒரு சொல்லில் ஆசிரியர்களே தடுமாறுவதுண்டு. ‘டிஸப்பியர்’ செயப்படுபொருள் ஏற்காத வினை, ஆகவே ‘ஹி வோஸ் டிஸப்பியர்ட்’ பிழை என்று வெட்டிவிடுவார்கள். மனித உரிமை அறிக்கைகளில் அதைத் தெரிந்தேதான் அப்படி எழுதுகிறார்கள். காணாமல் போனவருக்கும் காணாமல் ஆக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ‘மிஸிங்’ என்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான். ‘டிஸப்பியர்ட்’ என்று இப்படி எழுதும்போது அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று ஆகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கையில் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘மிஸிங் பேர்சன்ஸ்’, 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் தலைப்பில் இருப்பது ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’. தேர்வில் எழுதுவதானால் ‘ஃபோர்சிப்ளி’ (வலிந்து) என்பதை முன்னால் சேர்த்துவிடுங்கள், பிழை என்று யாரும் எண்ண மாட்டார்கள்.

இந்த மாதிரிப் படங்களை ஸ்பீக்கரில் போடுவதை நான் பிழை என்றே சொல்வேன். உங்களுக்கு அது பாடம். அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்குத் துவக்குச் சத்தமும் ஆள் கத்தும் சத்தமும் வேறொன்று. ஹெட்போன் போடுங்கள், அதில் சொல்லின் கடைசி ‘டி’யும் பின்னால் வரும் ‘டு’வும் வடிவாகக் கேட்கும் என்பது உபரி லாபம். நித்திரைக்கு முன் இவற்றைப் பார்த்துவிட்டுப் படுக்க முடியாதவர்கள் பின்னேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு தரம் பார்த்துச் சகிக்க முடியாத படத்தைச் சொல்லுக்காக இரண்டாம் தரம் போடவும் வேண்டாம். வேறு வழக்கு, அதே சொற்களோடு, வேறு படத்தில் வரும்.

கடைசியாகச் சப்டைட்டில். தமிழ் சப்டைட்டில் போட்டால் கதைதான் விளங்கும். தானாக மொழிபெயர்த்து வருவது அதையும் குழப்பும். ஆங்கிலத்திலேயே போடுங்கள், ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மன்றில் முறைப்படி குற்றம் சுமத்துவதற்கான ‘இன்டைட்’ என்ற சொல்லை எழுதினால் நடுவில் ஒரு ‘சி’ இருக்கும், வாயில் வராது. நீதிமன்ற அழைப்பாணையை எழுத்துப்படி வாசித்தால் ‘சப்போயினா’, சொல்வது ‘சபீனா’. பிணத்துக்கு ‘கோர்ப்ஸ்’, படைப்பிரிவுக்கு வெறும் ‘கோர்’. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி ‘ஈ’ ஒன்றுதான். சொல் வந்த இடத்தில் பத்து விநாடி பின்னுக்குத் தள்ளி, சப்டைட்டிலைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டு, பிறகு கொப்பியில் எழுதுங்கள்.