இரவு 2 மணி பி.பி.யை காலை 6 மணிக்கு எழுதியவர்கள் செய்யக்கூடாதவை

இரவு டூட்டி. 2 மணிக்குப் பார்க்க வேண்டிய பி.பி.யைப் பார்க்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு மூச்சுத் திணறல். காலை 6 மணிக்கு, அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவருக்குச் சற்று முன்பு, சார்ட்டின் 2 மணிக் கட்டத்தில் ஏதோ ஓர் எண் ஏறிவிடுகிறது. பிரிட்டனில் வேலை பார்க்கும் நர்ஸின் ‘பின்’ நம்பர், அதாவது நர்ஸாக வேலை செய்ய அனுமதிக்கும் பதிவு எண், ஆட்டம் காண இவ்வளவு போதும்.

அங்கே நர்ஸ்களின் பதிவேட்டை வைத்திருப்பது நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், பேச்சுவழக்கில் என்.எம்.சி. அதன் நடத்தை விதிகளில் 10ஆம் பிரிவு ஆவணங்கள் பற்றியது. வேலை முடிந்த கையோடு எழுத வேண்டும். பிறகு எழுதினால், பிறகு எழுதியது என்று குறிப்பிட வேண்டும். பொய்யாக எதையும் எழுதக் கூடாது. தாமதமாக எழுதியதற்காக மட்டும் யாரும் உங்களைப் பொய்யர் என்று சொல்லப்போவதில்லை. தாமதத்தை மறைத்தால்தான் வம்பு.

புகார் காதில் விழுந்ததும் சார்ட்டைச் சரிசெய்ய ஓடுகிறார்களே, அதைவிடப் பெரிய தவறு கிடையாது. கணினியில் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எதை மாற்றினார் என்ற தடம் இருக்கும். காகித சார்ட்டின் நகல் அதற்குள் மேனேஜர் கைக்குப் போயிருக்கும். ஒன்றாக இருந்த சிக்கல் இப்போது இரண்டாகிவிடும். முதலாவதற்கு வேலைப்பளுவைக் காரணம் சொல்லலாம், இரண்டாவதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. ஏதாவது உண்மையிலேயே விட்டுப்போயிருந்தால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இன்றைய தேதியும் நேரமும் போட்டு, தாமதமாக எழுதுவதாகவே எழுதுங்கள். ‘ஆதாரத்துக்கு’ என்று சார்ட்டை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். அது நோயாளியின் அந்தரங்கத்தை மீறிய தனிப் புகாராக வந்து நிற்கும். கூட வேலை பார்த்தவரிடம் “நீயும் பார்த்தேன்னு சொல்லிடு” என்று கேட்டால் அவர் வேலையும் சேர்ந்து போகும்.

அடுத்த கண்ணி, வார்டு மேனேஜர் கூப்பிடும் முதல் கூட்டம். பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாமல் “சாரி” சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த சாரி, கூட்டக் குறிப்பில் “பொய்ப் பதிவு செய்ததை ஒப்புக்கொண்டார்” என்று ஏறும். படிக்காமல் கையெழுத்தும் போட்டுவிடுவோம். மாதங்கள் கழித்து அதே தாள் என்.எம்.சி.யிடம் இருக்கும். “தப்பான கட்டத்தில் எழுதிவிட்டேன்” என்பது வேறு, “பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன்” என்பது வேறு. எது நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள். குறிப்பில் வார்த்தை மாறியிருந்தால், திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்தக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஒருவர் நேர்மையற்று நடந்தாரா என்பதை முடிவு செய்யும் அளவுகோல், வேடிக்கையாக, ஒரு சூதாட்ட வழக்கிலிருந்து வந்தது. ஃபில் ஐவி என்ற சீட்டாட்டக்காரர் லண்டன் கேசினோ ஒன்றில் ஜெயித்த 77 லட்சம் பவுண்டுக்காகத் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, புகாருக்கு ஆளானவர் அந்த நேரத்தில் மனத்தில் உண்மையாக என்ன நினைத்திருந்தார் என்று முதலில் பார்ப்பார்கள். அப்படி நினைத்துச் செய்ததைச் சாதாரண நல்ல மனிதர்கள் நேர்மை என்பார்களா என்று பிறகு பார்ப்பார்கள். ஆக, உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அன்றைய டூட்டி ரோஸ்டர், ஆள் பற்றாக்குறை, பக்கத்துக் கட்டில் நிலவரம் எல்லாமே சாட்சி. “எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்” என்பது சாட்சி ஆகாது. இன்னொன்று: என்.எம்.சி. விசாரணை கிரிமினல் கோர்ட் இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும்.

ராஜினாமா செய்தால் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வேலைதான் போகும், விசாரணை தொடரும். என்.எம்.சி. அனுப்பும் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டாலும் நீங்கள் இல்லாமலே விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முடிவு வருமுன்பே 18 மாதம் வரை இடைக்கால நிறுத்தமோ நிபந்தனையோ விதிக்கலாம். அந்த நிபந்தனையை அடுத்த வேலை தருபவரிடம் சொல்லாமல் சேர்ந்தால் அதுவே புதிய நேர்மையின்மைப் புகார். யூனியனில் முன்கூட்டியே சேர்ந்திருங்கள். சம்பவத்துக்குப் பிறகு சேர்ந்தால் பழைய வழக்கைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள்.

உண்மையிலேயே பொய்யாக எழுதியிருந்தால்? சீக்கிரம் ஒப்புக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து, ஆனால் வக்கீலையோ யூனியன் பிரதிநிதியையோ பார்த்த பிறகு. இணையத்திலிருந்து நகலெடுத்த ‘வருந்துகிறேன்’ கடிதம் எடுபடாது. அடுத்த முறை 2 மணி பி.பி. விட்டுப்போனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று விசாரணையில் நேரடியாகவே கேட்பார்கள். “பார்க்கவில்லை, அவசரம், 5-ஆம் கட்டில்” என்று தயங்காமல் சொல்ல வரவேண்டும்.